சிக்கும் இடத்திலேதான் மீன் இருக்கும்

கண்டல் ஓடைகளில் தூண்டிலை இழக்காமல் மீன்பிடித்தல்: கமக்காரக் குடும்பங்களுக்கான ஒரு பாடம்

வயலை விட்டு வந்த குடும்பத்துக்குக் கடல் புதிது. 1991 ஆம் ஆண்டில் புங்குடுதீவு மக்கள் பெருமளவில் ஊரைவிட்டு வெளியேறினர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தனர். பல ஆண்டுகளின் பின் சிலர் சொந்த ஊர் திரும்பினர். சிலர் வேறோர் ஊரில், உறவினர் காணியில் குடியிருக்க நேர்ந்தது. இறுப்பிட்டி போன்ற கரையோரக் கிராமங்களுக்குத் திரும்பிய கமக்காரர் பலர் பற்றை மூடிய வயலையும் உவர்த்துப்போன கிணற்றையும் கண்டனர். நிலம் மீண்டும் விளையும் வரை அடுப்பு எரியவேண்டும். அதற்கு அருகில் இருப்பது கடல். கைக்கு எட்டுவது ஒரு தூண்டில்.

ஆனால் புதிதாகத் தூண்டில் பிடிப்பவர் முதல் வாரத்திலேயே மனம் சலித்துப் போகிறார். போட்ட முள் கண்டல் வேரில் மாட்டுகிறது. இழுத்தால் தங்கூசி அறுகிறது. முள் போகிறது, ஈயம் போகிறது, சில வேளை பாதித் தங்கூசியும் போகிறது. பிடித்த மீனின் பெறுமதியை விட இழந்த பொருளின் பெறுமதி கூடிவிடுகிறது. இந்த நட்டத்தைத் தவிர்ப்பது எப்படி என்பதையே இப்பாடத்தில் நாம் பார்க்கப் போகிறோம்.

தொடங்குமுன் ஓர் உண்மையை மனதில் பதித்துக்கொள்வோம். சிக்கல் இல்லாத வெறும் மணலில் தூண்டில் பத்திரமாக இருக்கும். ஆனால் அங்கே மீன் குறைவு. கொடுவா போன்ற மீன்கள் வேரின் நிழலிலும் கல்லின் இடுக்கிலும் பதுங்கியிருந்து, அருகே வரும் சிறுமீனையும் இறாலையும் பாய்ந்து பிடிப்பவை. எனவே சிக்கும் இடத்தைவிட்டு ஓடுவது வழியன்று. அந்த இடத்தை அறிந்து, அதற்கேற்பத் தூண்டிலைக் கட்டி, ஏற்ற நேரத்தில் போடுவதே வழி.

1. முதலில் நிலத்தை அறிவோம்

கமக்காரன் புதிய காணியைப் பார்க்காமல் விதைப்பதில்லை. எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே கல் என்று நடந்து பார்த்த பின்னரே ஏர் பூட்டுகிறான். ஓடையும் அப்படியே.

தீவகத்தில் ஆறு கிடையாது. இங்கே ஓடை என்பது கடல்நீர் பெருகும்போது கண்டலுக்குள் ஏறி, வற்றும்போது இறங்கும் வாய்க்கால். நம் கடலில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையிலான உயர வேறுபாடு பெரிதன்று. ஆயினும் கரை தட்டையானது. ஆகவே நீர் சிறிது இறங்கினாலும் நெடுந்தூரம் நிலம் தெரியும். பூரணை, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நீர் கூடுதலாகப் பெருகிக் கூடுதலாக வற்றும். அப்படியொரு நாளில், நீர் நன்றாக வற்றிய வேளையில், தூண்டில் இல்லாமல் வெறும் தடியோடு ஓடையோரம் நடந்து பாருங்கள். கோடையில் இது எளிது. மாரியில் நீர் உயர்ந்தும் கலங்கியும் நிற்கும். அப்போது நிலம் தெரியாது.

நடக்கும்போது கவனிக்கவேண்டியவை:

அ. கண்டல். வளைந்த தாங்குவேர்கள் நீருக்குள் கூடாரம் போல் நிற்கும். வேருக்குள் போன முள் எளிதில் திரும்பாது. வேரின் வெளிவிளிம்பு எது என்று குறித்துக்கொள்க.

ஆ. கண்ணா. இதன் மூச்சுவேர்கள் பென்சில் போலச் சேற்றிலிருந்து மேலே நீட்டி நிற்கும். மரத்திலிருந்து பல அடி தூரத்துக்கும் இவை பரவியிருக்கும். பெருக்கில் இவை கண்ணுக்குத் தெரியா.

இ. முருகைக்கல். கல்லின் பொந்துகளில் முள்ளை விட ஈயமே பெரும்பாலும் மாட்டும்.

ஈ. பழைய தடிகளும் அறுந்த வலைகளும். களங்கட்டி, சிறகுவலை ஆகியவற்றுக்காக ஊன்றிய தடிகளின் அடிக்கட்டைகள் சேற்றில் நிற்கும். அறுந்த நைலோன் வலைத்துண்டு ஒன்று பத்து வேரை விடக் கெட்டது.

உ. சாதாளை. அடர்ந்து கிடக்கும் கடற்புல் தூண்டிலை அறுக்காது. ஆனால் இரையை மூடி மறைத்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில் ஒரு படம் கீறுங்கள். பெரிய மரம், கல், தடி என்பவற்றைக் குறியிட்டு, எங்கே சிக்கும், எங்கே வெளி என்று எழுதுங்கள். இந்தத் தாளின் செலவு ஒன்றுமில்லை. ஆனால் இது காப்பாற்றும் முட்கள் பல.

2. கலங்கிய நீரில் மீன் எப்படி இரையைக் காண்கிறது?

நமக்குத் தெரியாத நீரில் மீனுக்கும் கண் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. மீனின் உடலின் இரு பக்கத்திலும் செவுளிலிருந்து வால் வரை ஒரு கோடு ஓடுகிறது. இதைப் பக்கக்கோடு என்பர். நீரில் ஏற்படும் சிறு அதிர்வையும் மீன் இதனால் உணர்கிறது. கெளிறு தன் மீசையால் சுவையை அறிகிறது. மணத்தையும் மீன்கள் நன்கு உணரும்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் இது: கலங்கிய நீரில் தூர வீசுவதாலும் வேகமாக இழுப்பதாலும் பயனில்லை. மீன் இருக்கும் இடத்துக்கு அருகில், மெதுவாக அசையும், மணமுள்ள இரை வேண்டும். மெதுவாக அசையும் இரை வேரில் ஆழமாக மாட்டுவதும் இல்லை. மீனுக்கு உகந்ததே தூண்டிலுக்கும் பாதுகாப்பு.

3. தூண்டிலைக் கட்டும் முறை

கைத்தூண்டிலுக்கு ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் சுற்றிய தங்கூசி போதும். ஆனால் எல்லா இடமும் ஒரே பலமுள்ள தங்கூசியாக இருக்கக்கூடாது. கட்டும் விதி மிக எளிது: தலைக்கயிறு பலமானது, முள்ளுக்குச் செல்லும் கிளைத் தங்கூசி அதைவிட மெல்லியது, பாரத்துக்குச் செல்லும் நூல் எல்லாவற்றிலும் பலவீனமானது.

ஏன்? பெரும்பாலும் கல்லிலும் வேரிலும் மாட்டுவது பாரமே. அதைச் சாதாரண தையல் நூலால் கட்டிவிட்டால், இழுக்கும்போது அந்த நூல் மட்டும் அறும். முள்ளும் மீனும் கைக்கு வரும். முள்ளே மாட்டினாலும் கிளைத் தங்கூசி மட்டும் அறும். தலைக்கயிறு முழுவதும் தப்பும். ஒன்று போகத்தான் வேண்டுமென்றால் எது போகவேண்டும் என்பதை நாமே முன்கூட்டித் தீர்மானிக்கிறோம்.

போகப்போகும் பாரத்துக்கு ஈயம் வாங்குவது வீண். பழைய நட்டு, கழித்த ஸ்பார்க் பிளக், துளையுள்ள முருகைக்கல் எல்லாம் நல்ல பாரமே. ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கி வார்ப்பது வேண்டாம். அதன் புகையும் தூசும் நஞ்சு. சிறுபிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். ஈயம் உருக்கிய சட்டியில் ஒருபோதும் சமைக்கக்கூடாது.

இனி, இரையை நிலத்தில் கிடக்கவிடாமல் தூக்கிப் பிடிக்க ஒரு மிதப்பு வேண்டும். முள்முருக்கு மரத்தின் கட்டை மிக இலேசானது, நன்றாக மிதக்கும். தேய்ந்த றப்பர்ச் செருப்பிலும் வெட்டி எடுக்கலாம். வற்றில் நடந்து பார்த்தபோது மூச்சுவேரின் உயரத்தைத் தடியால் அளந்திருப்பீர்கள். பெருக்கில் நீரின் ஆழத்தையும் அதே தடியால் அளந்து, இரை அந்த வேர்நுனிக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி மிதப்பைக் கட்டுங்கள்.

முள்ளின் நுனியை வெளியே விடாதீர்கள். இறாலையோ மீன்துண்டையோ குத்தும்போது நுனி இரைக்குள்ளேயே புதைந்திருக்கட்டும். இரை மென்மையானது, மீன் கவ்வும்போது நுனி தானாக வெளிவரும். வேரில் உரசும்போது வெளிவராது.

பொய் இரை பாவிப்பவர்களுக்கும் இதே விதிதான். கடையில் விற்கும் பொய் இரைகளில் பெரும்பாலும் மூன்று கூர் உள்ள முள் இருக்கும். மூன்று கூர் என்றால் மூன்று மடங்கு சிக்கல். அதைக் கழற்றிவிட்டு ஒற்றை முள்ளை, நுனி மேல்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். மரத்தாலான மிதக்கும் பொய் இரை இன்னும் நல்லது. வேரில் முட்டியதும் தங்கூசியைத் தளர்த்தினால் அது தானே மேலே எழும்பி விடுபடும்.

காசு இல்லாதவர் பழைய சயிக்கிள் ரியூப்பில் விரல் நீளத்துக்கு மீன்வடிவில் ஒரு பட்டி வெட்டி, முள்ளின் நுனியை அதற்குள் படிய வைத்துக் கட்டலாம். கலங்கிய நீரில் கறுப்பு நிறம் குறையன்று. மேலிருந்து வரும் வெளிச்சத்தில் கறுப்பு உருவம் நன்றாகத் தெரியும். இறால் தலையை நசித்து அதன்மேல் பூசினால் மணமும் சேரும்.

4. எப்போது, எங்கே நின்று போடுவது?

நீர் பெருகி நிற்கும்போது சிறுமீனும் இறாலும் வேருக்குள் நுழைந்துவிடும். பெரிய மீனும் பின்னால் போகும். அந்நேரம் தூண்டில் போட்டால் நீரோட்டம் இரையையும் வேருக்குள் இழுத்துச் செல்லும். நட்டம் வருவது பெரும்பாலும் இவ்வேளையிலேயே.

பெருக்கு முடிந்து நீர் இறங்கத் தொடங்கும் வேளையைக் காத்திருங்கள். அப்போது நீரோட்டம் கண்டலுக்குள்ளிருந்து ஓடையை நோக்கி வெளியே ஓடும். சிறுமீன்களும் இறாலும் அதோடு வெளியே வரும். அவற்றை எதிர்பார்த்துப் பெரிய மீன் வேரின் விளிம்பிலும் ஓடையின் வாயிலும் நிற்கும். நமது இரையையும் நீரோட்டமே வேரிலிருந்து விலக்கி வெளியே கொண்டுவரும். மீன் கிடைக்கும் நேரமும் முள் தப்பும் நேரமும் ஒன்றாக அமைவது இவ்வேளையிலேதான்.

நிற்கும் இடமும் முக்கியம். வேர்களுக்குக் குறுக்கே தங்கூசி கிடக்கும்படி நிற்கக்கூடாது. வேர்வரிசைக்குச் சமாந்தரமாக, அதன் விளிம்பு வழியே தங்கூசி வரும்படி நில்லுங்கள். மீன் கவ்வியதும் வெளிநீர்ப் பக்கமாக இழுக்க வழி இருக்கவேண்டும். கொடுவா கவ்வியதும் முதலில் வேருக்குள்ளேயே ஓடப்பார்க்கும். ஆகவே அந்த முதற்கணத்தில் தங்கூசியை விட்டுக்கொடுக்காமல் பிடிக்கவேண்டும். மீன் வெளிநீருக்கு வந்தபின் விட்டுப்பிடிக்கலாம்.

5. சிக்கிவிட்டால் என்ன செய்வது?

கல் நிலத்தில் உழும்போது கலப்பை வேரில் மாட்டினால் நல்ல உழவன் மாட்டை அடிப்பதில்லை. மாட்டை நிறுத்தி, கலப்பையைச் சற்றுப் பின்னே தள்ளி, பின் தூக்குகிறான். மாட்டை அடித்தால் கொழு முறியும். தூண்டிலிலும் அதே நியாயந்தான். பின்வரும் ஒழுங்கில் முயலுங்கள்.

முதலாவது: நிறுத்தித் தளர்த்துங்கள். மீன் என்றால் துடிக்கும். வேர் என்றால் துடிக்காது. இந்த வேறுபாடு தெரியும் வரை வெட்டி இழுக்கவேண்டாம். வெட்டி இழுத்தால் முள் மரத்துக்குள் ஏறிவிடும். தளர்த்தி ஒரு நிமிடம் காத்திருந்தால் நீரோட்டமே சில வேளை கழற்றிவிடும். வேருக்குள் புகுந்த மீனும் இழுவை நின்றதும் தானாக வெளியே வருவதுண்டு.

இரண்டாவது: மறுபக்கம் செல்லுங்கள். முள் எந்தத் திசையில் உள்ளே போனதோ அதற்கு எதிர்த்திசையிலிருந்து மெதுவாக இழுங்கள்.

மூன்றாவது: தங்கூசியை இறுக்கிப் பிடித்து, வில்லின் நாணை இழுத்து விடுவதுபோல் விரலால் இழுத்துச் சட்டென்று விடுங்கள். அந்த உதறலில் பாரம் பின்னோக்கித் துள்ளி விடுபடும்.

நான்காவது: தாம்போதியின் மதகு, இறங்குதுறை, வள்ளம் போன்ற உயரமான இடத்தில் நின்றால் ஒரு பழைய பூட்டு உதவும். பூட்டின் வளையத்தைத் திறந்து, தங்கூசியை உள்ளே விட்டுப் பூட்டி, பூட்டில் ஒரு கயிறு கட்டித் தங்கூசி வழியே கீழே இறக்குங்கள். மேலும் கீழுமாக நாலைந்து தரம் தட்டினால் அதன் பாரமே முள்ளைப் பின்னோக்கித் தள்ளிவிடும்.

ஐந்தாவது: ஆழம் குறைந்த இடமென்றால் அவசரப்படாதீர்கள். தங்கூசியின் முனையை ஒரு வெற்றுப் போத்தலில் கட்டி வேரோடு பிணைத்துவிட்டு, வற்றில் வந்து நடந்து சென்று எடுங்கள். இறங்கும் நீரில் மீன்பிடிப்பவருக்கு வற்று தூரத்தில் இல்லை.

ஆறாவது: வேறு வழியே இல்லையென்றால் மட்டும் அறுக்கலாம். தங்கூசியைக் கையில் சுற்றாதீர்கள். அது சதையை வெட்டிவிடும். ஒரு தடியில் மூன்று சுற்றுச் சுற்றி, முகத்தை மறுபக்கம் திருப்பி, நேராக, சீராக இழுங்கள். பாரம் கல்லைப்போலத் திரும்பிவரும். பின்னால் பிள்ளைகள் நிற்கக்கூடாது.

6. கவனிக்கவேண்டிய ஆபத்துகள்

போர் நடந்த மண் இது. இலங்கை 2017 டிசெம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. வடக்கில் பெரும்பகுதி நிலம் துப்புரவாக்கப்பட்டுள்ளது. ஆயினும் சேற்றிலும் நீரிலும் வெடிக்காத பொருள் கிடக்கக்கூடும். தூண்டிலில் துருப்பிடித்த அறியாத உலோகப் பொருள் பாரமாக ஏறிவந்தால் கரைக்கு இழுக்காதீர்கள், தொடாதீர்கள். தங்கூசியைக் கீழே விட்டு விலகி, இடத்தைக் குறித்து, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். அந்த ஒரு தூண்டில் போகட்டும்.

கெளிற்றின் செட்டை முள்ளும், ஓராவின் முதுகு முள்ளும், திருக்கையின் வால் முள்ளும் நஞ்சுடையவை. குத்தினால் கை பொறுக்கும் அளவு சூடான நீரில் காயத்தை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்து, பின் வைத்தியசாலை செல்லவேண்டும். சேற்றில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப்போகும்.

பேத்தை மீனை எக்காரணம் கொண்டும் உண்ணக்கூடாது. அதன் நஞ்சு சமைத்தாலும் அழியாது.

தில்லை மரத்தில் தடி வெட்டவேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணுக்குக் கேடு.

தூண்டில் முள் சதையில் ஏறினால் பிடுங்கி இழுக்காமல் வைத்தியசாலைக்குச் சென்று எடுப்பித்து, ஏற்புவலித் தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

7. அயலவரும் கடலும்

நாம் புதியவர்களாகக் கரைக்கு வருகிறோம். அக்கரையில் தலைமுறையாகத் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள். களங்கட்டியும் சிறகுவலையும் அவர்களுடைய வயலும் வரம்பும். நம் வரம்பை ஒருவன் மிதித்தால் நமக்கு எப்படி நோகுமோ அப்படியே அவர்களுக்கும் நோகும். தூண்டில் போடுமுன் ஊரிலுள்ள கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தாரிடம் சென்று, எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்று கேளுங்கள். எங்கே சிக்கும் என்பதையும் அவர்களே நன்றாகச் சொல்வார்கள். இந்த ஒரு உரையாடல் பல முட்களையும் பல சச்சரவுகளையும் மிச்சப்படுத்தும்.

சிக்குகிறது என்பதற்காகக் கண்டலை வெட்டித் துப்புரவாக்க எண்ணுவது வயலுக்கு எலி வருகிறதென்று வயலையே கொளுத்துவதற்குச் சமம். வேர் போனால் இறால் குஞ்சு போகும். இறால் போனால் மீன் போகும். அலை நேரே கரையை அரிக்கும். 2015 ஆம் ஆண்டு இலங்கையின் கண்டற்காடுகள் முழுவதையும் பாதுகாக்கும் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அறுந்த தங்கூசி நீரில் உக்குவதில்லை. பல நூறு ஆண்டுகள் கிடக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. அதில் நீர்க்காகமும் கடலாமையும் சிக்கி மடிகின்றன. நாளை நம்முடைய தூண்டிலும் அதிலேயே மாட்டும். ஆகவே வற்றில் நடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பையைக் கொண்டுபோய், கண்ணில் பட்ட தங்கூசியையும் வலைத்துண்டையும் முள்ளையும் பொறுக்கி வாருங்கள். பொறுக்கிய முட்களில் துருவேறாதவை மீண்டும் உதவும்.

8. முள் கணக்கு

பயிர்ச்செலவுக்குக் கணக்கு வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. தூண்டிலுக்கும் வையுங்கள். ஓடையின் படம் கீறிய அதே கொப்பியில் நான்கு நிரல்கள் போதும்: திகதி, கொண்டுபோன முள், திரும்பி வந்த முள், கிடைத்த மீன். முள் போன இடத்தைப் படத்தில் ஒரு புள்ளியால் குறியுங்கள். ஒரே இடத்தில் மூன்று புள்ளி விழுந்தால் அங்கே ஏதோ கிடக்கிறது. அடுத்த வற்றில் போய்ப் பாருங்கள். ஒரு மாதம் இப்படி எழுதினால், எந்த நேரமும் எந்த இடமும் உங்கள் குடும்பத்துக்கு இலாபம் தருகின்றன என்பது தானே தெரியவரும். எழுதத் தெரிந்த பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள். அது ஓடையையும் கற்றுக்கொள்ளும், கணக்கையும் கற்றுக்கொள்ளும்.

மாறாத ஊரில் பிறந்தவன் நிலத்தை அப்பனிடம் கேட்டு அறிகிறான். இடம்பெயர்ந்தவன் தானே நடந்து பார்த்து அறியவேண்டியவன். அதற்கு வேண்டிய கண்ணும் பொறுமையும் கமக்காரனுக்கு ஏற்கெனவே உண்டு. அவற்றை ஓடைக்கும் கொண்டுசெல்வோம்.

கலந்துரையாடலுக்கு

1. நமது கிராமத்துக்கு அருகிலுள்ள ஓடையில் வேர், கல், பழைய தடி என்பன எங்கெங்கே உள்ளன? குழுவாக ஒரு படம் கீறுக.

2. கடந்த மாதத்தில் நமது வீட்டில் எத்தனை முள் இழந்தோம்? எந்த நேரத்தில், எந்த இடத்தில்?

3. நமது கரையில் பரம்பரையாகத் தொழில் செய்பவர்களிடம் நாம் கேட்டறிய வேண்டிய மூன்று விடயங்கள் எவை? அவர்களுக்கு நாம் கைம்மாறாகச் செய்யக்கூடியது என்ன?

4. அடுத்த அமாவாசை வற்றில் தங்கூசியும் வலைத்துண்டும் பொறுக்க யார் யார் போகலாம்?